எண் மாற்றும் ரேசர் வாங்கினேன்: கடலூர்த் தண்ணீரில் யாருக்காவது ஒத்துவந்ததா?

கெடிலக்கரை
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடமாக கார்ட்ரிட்ஜ் ரேசர்தான் எனக்கு. ஷேவ் செய்த மறுநாள் கழுத்து முழுக்க சின்னச் சின்னக் கொப்புளம் வரும். முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்கிறது என்று தோல் மருத்துவர் சொன்னார். மூன்று, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசரை விட்டுவிட்டு ஒற்றை பிளேடுக்கு மாறிப் பாருங்கள் என்று சொன்னதும் அவர்தான்.

சரி என்று தேடியதில், பிளேடு எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதைத் திருகி மாற்றிக்கொள்ளும் ரேசர் ஒன்று கண்ணில் பட்டது. ஜெர்மனியின் மெர்க்கூர் ஃபியூச்சர் ரேசரைப் பார்த்து சீனாவில் செய்தது. 900 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. அசல் வாங்கப் பல ஆயிரம் வேண்டும், ஒத்துவருமா என்று தெரியாமல் அவ்வளவு பணம் போட மனசு வரவில்லை. கையில் எடுத்தால் நல்ல கனம். 1 முதல் 6 வரை எண்.

முதல் நாள் 1-ல் வைத்தேன். எரிச்சல் இல்லை, ஆனால் தாடைக்கு அடியில் முடி அப்படியே நின்றது. இரண்டாம் நாள் 3. நாலாம் நாள் 5. அன்றைக்கு குரல்வளை மேட்டில் இரண்டு வெட்டு, கழுத்து முழுக்கச் சிவப்பு. ஆபீஸில் சட்டைக் காலர் பட்டாலே எரிந்தது.

என் கேள்வி இரண்டு. எந்த எண்ணில் நிறுத்துவது? இன்னொன்று அப்பாவைப் பற்றி. அவருக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. அந்தக் காலத்தில் இரட்டை விளிம்பு பிளேடு போட்டு ஷேவ் செய்தவர்தான், என்னுடையதைப் பார்த்ததும் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

முத்தியால்பேட்டை_வாசகன்
வரவேற்கிறேன். எண் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் பலரும் இடறுகிறோம்.

உங்கள் ரேசரில் எண்ணைக் கூட்டினால் மூடியும் பிளேடும் சேர்ந்து மேலே ஏறும். கீழே தோலைத் தொட்டு ஓடுகிற பாதுகாப்புத் தண்டுக்கும் பிளேடின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளிக்குள் தோல் மெத்தை மாதிரி உப்பி எழும். இடைவெளி பெரிதானால் முடி தாராளமாக உள்ளே வரும், தோலும் கூடவே வரும். 1-க்கும் 6-க்கும் நடுவே மாறுவது மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான். பிளேடே 0.1 மி.மீ. தடிமன் உள்ளது, அதனால் அந்தச் சின்ன மாற்றம் முகத்துக்குப் பெரிய மாற்றம்.

ஆக, எண் கூடினால் ஷேவ் வழுவழுப்பாகும் என்று கணக்குப் போடக் கூடாது. நீளமாக வளர்ந்த முடியை அடைத்துக்கொள்ளாமல் வெட்டத்தான் பெரிய எண். தினமும் ஷேவ் செய்பவருக்கு 1, 2-லேயே எல்லாம் முடிந்துவிடும். முழு வழுவழுப்பு வேண்டுமென்றால் நுரையை மறுபடி போட்டு இரண்டாம் சுற்று ஓட்டுங்கள். 5-க்குப் போனதுதான் உங்கள் கழுத்தைக் கெடுத்தது. இரண்டு வாரம் 2-ஐ விட்டு நகராதீர்கள். பிளேடையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

நெல்லிக்குப்பம்_சலூன்
தம்பி, 26 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எண் எதுவாக இருந்தாலும் கை சரியாக இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜில் தலை ஆடும், அதனால் எப்படிப் பிடித்தாலும் அதுவே கோணம் பார்த்துக்கொள்ளும். அழுத்தினால்தான் வெட்டும் என்று கையும் பழகிவிடும். இந்த ரேசரில் அந்த அழுத்தம் கூடவே கூடாது. உங்கள் ரேசர் கனமானது என்கிறீர்கள், அந்தக் கனமே போதும், நீங்கள் பிடித்துக்கொண்டால் சரி.

கோணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். மூடியின் தலையை மட்டும் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். ஒரு இடத்தில் முடி கீறுபடுகிற சத்தம் கேட்கும். அங்கே நிறுத்துங்கள். சுமார் 30 டிகிரி வரும். கன்னத்தில் பழகிய கோணம் கழுத்தில் மாறும், தாடை வளைகிற இடத்தில் கையும் கூடவே வளைய வேண்டும்.

குரல்வளை மேட்டில் நேராக ஓட்டவே வேண்டாம். எச்சில் விழுங்கும்போது அது மேலே போகும் பாருங்கள், அந்த நேரத்தில் தோலை ஒரு பக்கமாக இழுத்து, சமதளமாக்கி வெட்டுங்கள். என்னிடம் வருகிற எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறேன்.

முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தீர்களா? நிறையப் பேருக்குக் கழுத்தின் கீழே முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். மேலிருந்து கீழே ஓட்டுவதுதான் முடியின் திசை என்று நினைத்து எதிர்த் திசையில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கொப்புளத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

கெடிலக்கரை
அண்ணே, நன்றி. தடவிப் பார்த்தேன். வலது கழுத்தில் முடி காதை நோக்கிப் படுத்திருக்கிறது, இடது பக்கம் நேராகக் கீழே. இத்தனை வருடமாக இது தெரியாது எனக்கு.

எண் 2-ல் ஐந்து நாள் ஆகிறது. வெட்டு இல்லை. ஆனால் ஒரு விஷயம் சரியாக வரவில்லை. நுரை நிற்க மாட்டேன் என்கிறது. பிரஷ்ஷைச் சுற்றச் சுற்ற பால் மாதிரி ஓடுகிறது, இல்லையென்றால் முகத்தில் போட்ட இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. ஒரு கன்னம் முடிப்பதற்குள் மறு கன்னம் வறண்டுவிடுகிறது. டியூப் கிரீமை மாற்றியும் பார்த்தேன்.

லாஸ்பேட்டை_ஆய்வகம்
வீட்டில் போர் தண்ணீர்தானே?

கெடிலக்கரை
ஆமாம். குடிக்க மட்டும் கேன்.

லாஸ்பேட்டை_ஆய்வகம்
அப்படியானால் உங்கள் பிரஷ்ஷையும் கிரீமையும் குறை சொல்ல வேண்டாம். தண்ணீர் பரிசோதனைதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத பசையாக மாறிவிடும். குளியலறை பக்கெட்டின் உள்விளிம்பில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு வளையம் படிகிறதே, அதுதான் அந்தப் பசை. ஷேவிங் கிரீமும் அடிப்படையில் சோப்புதான். நீங்கள் போடும் கிரீமில் ஒரு பகுதி நுரையாவதற்கு முன்பே இந்தப் பசையாகி வீணாகிறது. மிச்சம் இருப்பதுதான் நுரை. அதனால்தான் அது மெலிந்து நிற்கிறது, சீக்கிரம் காய்கிறது. பிளேடு வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் உரசிக்கொண்டு போகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை. நம் கடலோரத்தில் அந்த 600-ஐத் தாண்டிய போர்களும் என் மேசைக்கு வருகின்றன. நிலத்தடி நீரை அதிகமாக இறைத்தால் கடல்நீர் உள்ளே நகரும், உப்போடு கடினத்தன்மையும் கூடும். கேன் போடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மை எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. ஒரே அளவு பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாதி போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி கேன் தண்ணீர். குளியல் சோப்பைச் சுரண்டி இரண்டிலும் ஒரே அளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கேன் தண்ணீர் பாட்டிலில் நுரை கழுத்து வரை ஏறும். மற்றதில் தண்ணீர் கலங்கி, மேலே தயிர்த் திப்பி மாதிரி மிதக்கும். துணி சோப்புத் தூளில் இந்தச் சோதனை சரிவராது, அது வேறு வகை.

கொதிக்கவைத்தால் சரியாகுமா என்று கேட்பீர்கள். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் குறையும். குளோரைடு, சல்பேட்டால் வருவது கொதித்தாலும் போகாது.

கெடிலக்கரை
செய்து பார்த்துவிட்டேன். நீங்கள் எழுதியது அப்படியே நடந்தது. போர் தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் காட்டினேன், துணி ஏன் வெளுப்பதில்லை என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

இன்று காலை நுரைக்கு மட்டும் கேன் தண்ணீர். அம்மாவிடம் பழைய காபி டவரா ஒன்று கேட்டு வாங்கி, அதில் கால் டம்ளர் தண்ணீர். முகத்தையும் அதிலேயே நனைத்துக்கொண்டேன். பிரஷ் சுற்றிய ஒரு நிமிடத்தில் தயிர் மாதிரி கெட்டியாக நின்றது. அதே ரேசர், அதே 2, அதே பிளேடு. கழுத்தில் ஓட்டும்போது வெட்டுகிற சத்தம் கேட்டது, இழுக்கிற உணர்வு இல்லை. கடைசியில் கழுவியது போர் தண்ணீரில்தான், அதனால் ஒன்றும் ஆகவில்லை.

எண்ணை 3, 5 என்று கூட்டி நான் தேடியது கால் டம்ளர் தண்ணீரில் இருந்திருக்கிறது. கடலூரிலும் பாண்டியிலும் ரேசர் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

கம்மியம்பேட்டை
நல்ல தகவல். ஆனால் இழையின் தலைப்பில் உள்ள ரேசரைப் பற்றி எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. எண் மாற்றும் ரேசர் புதிதாக ஆரம்பிப்பவருக்குத் தேவையே இல்லை. 300, 400 ரூபாய்க்கு மூன்று துண்டாகக் கழற்றுகிற சாதாரண ரேசர் கிடைக்கிறது. இடைவெளி நிலையாக இருக்கும், திருகுவதற்கு எதுவும் இல்லை. கை ஒன்றே ஒன்றைப் பழகும். எண் இருந்தால் தவறு கையில் இருக்கும்போதும் எண்ணைத்தான் திருகத் தோன்றும். முதல் வாரத்தில் நண்பருக்கு நடந்தது அதுதான். மூன்று துண்டு ரேசரில் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. நான் அதை வைத்தே எட்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

முத்தியால்பேட்டை_வாசகன்
பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு வருடமாக நீங்கள் தினமும் ஷேவ் செய்பவர் என்று நினைக்கிறேன். நான் சனி, ஞாயிறு செய்ய மாட்டேன். திங்கட்கிழமை மூன்று நாள் முடி. இடைவெளி குறைவான, எண் மாற்ற முடியாத ரேசரில் அது பிளேடுக்கும் தண்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு, நாலு இழுப்புக்கு ஒரு முறை அலச வேண்டியிருந்தது. இப்போது திங்கட்கிழமை முதல் சுற்றுக்கு 4, இரண்டாம் சுற்றுக்கு 2. மற்ற நாள் முழுக்க 2. சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் தாடி வளர்க்கிற என் தம்பி, திரும்பி வந்ததும் முதலில் டிரிம்மரால் குறைத்துவிட்டு 6-ல் ஆரம்பிப்பான். ஒரே ரேசரில் இவ்வளவும் முடிகிறதே.

கம்மியம்பேட்டை
தினமும்தான், சரியாகச் சொன்னீர்கள். மூன்று நாள் முடிக்கு நீங்கள் சொல்வது நியாயம். பழகும் மாதம் மட்டும் எண்ணைத் தொடக் கூடாது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வைத்திக்குப்பம்
எண் மாற்றும் ரேசரைப் பற்றிய பேச்சு என்பதால் என்னிடம் உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாண்டி சண்டே மார்க்கெட்டில், காந்தி வீதியில் பழைய சாமான் விரித்திருந்த ஒருவரிடம் பூட்டு, சாவி, பித்தளைத் தாழ்ப்பாள்களுக்கு நடுவே ஒரு ஜில்லெட் கிடந்தது. தடித்த குட்டைக் கைப்பிடி, கழுத்தில் 1 முதல் 9 வரை எண். வீட்டில் தேய்த்துக் கழுவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உலகம் முழுக்க ஃபேட்பாய் என்று சொல்கிறார்களே, அது.

தலைப்பகுதியின் அடியில் எஃப் என்ற ஆங்கில எழுத்தும் 2 என்ற எண்ணும் இருந்தன. ஜில்லெட் அந்தக் காலத்தில் எழுத்தில் வருடத்தையும் எண்ணில் காலாண்டையும் குறித்தது. எஃப் என்றால் 1960. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஆட்சியைக் கொடுத்துவிட்டு, 1962-ல் சட்டப்படி முழுக்கக் கைமாறும் வரை நடுவில் ஒரு காலம் இருந்ததே, அப்போது செய்த ரேசர். எந்த வீட்டு அலமாரியில் இருந்து வந்ததோ, நினைக்க நினைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அடியில் உள்ள குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவு மாதிரி திறக்கும், பிளேடை வைத்து மூடலாம். எண்ணை மாற்றும் முன் குமிழைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், இறுகிய நிலையில் திருகினால் உள்ளே தேயும். இதையும் என்னிடம் உள்ள ஒரு சீன ரேசரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். பழையதில் ஒவ்வொரு எண்ணுக்கும் டக் டக்கென்று நிற்கும். சீன ரேசரில் எண் வழுக்கிக்கொண்டு போகும், 2-க்கும் 3-க்கும் நடுவிலும் நிற்கும். ஷேவ் என்று பார்த்தால், நுரையும் பிளேடும் ஒன்றாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வது எனக்குக் கஷ்டம்தான்.

கிங் கேம்ப் ஜில்லெட்டின் கம்பெனி 1903-ல் விற்க ஆரம்பித்தபோது அந்த வருடம் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே 90,000 ரேசர். நடுத்துளை மாறினாலும், அன்று வந்த இரட்டை விளிம்பு பிளேடின் அடிப்படை வடிவம்தான் இன்றும் நம் தெருமுனைக் கடையில் தொங்குகிறது. என் 1960 ரேசரில் நேற்று வாங்கிய பிளேடு பொருந்துகிறது.

ஓ.டி._துறைமுகம்
கடலூர் ஓ.டி., அதாவது பழைய நகரம், பக்கம் இருப்பவன். மலிவு ரேசர் வாங்குகிற எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை.

நானும் இதே மாதிரி ஒன்று, வேறு பெயரில், ஆன்லைனில் வாங்கினேன். ஏழு மாதத்தில் பாதுகாப்புத் தண்டின் ஓரத்தில் முலாம் குமிழ் விட்டு உரிந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி உதிர்கிறது. இந்த விலை ரேசர்களில் பெரும்பாலும் உள்ளே துத்தநாகக் கலவை, மேலே குரோம் முலாம். முலாம் முழுசாக இருக்கும் வரை எதுவும் ஆகாது. ஒரு கீறல் விழுந்தால் தண்ணீரும் உப்பும் உள்ளே புகுந்து அரிக்க ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் கேட்கிறது, காற்று அப்படி. விற்றவரிடம் எழுதிக் கேட்டேன், திருப்பி எடுக்கும் நாள் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

தண்டில் சொரசொரப்பு வந்த பிறகு அந்த ரேசரை முகத்தில் வைக்காதீர்கள், தோலைச் சுரண்டும். இரண்டாவது வாங்கியதை இப்படி வைத்திருக்கிறேன்: ஷேவ் முடிந்ததும் கேன் தண்ணீரில் ஒரு அலசு, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, குளியலறையில் வைக்காமல் அலமாரியில் தலைகீழாக நிறுத்திவிடுவேன். வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றி உள்ளேயும் துடைப்பேன். பழைய பல்தேய்க்கும் பிரஷ் போதும், கம்பி நார் கூடவே கூடாது. வெள்ளையாகப் படிந்த உப்பை எடுக்க வினிகரில் இரவு முழுக்க ஊறவைக்கச் சிலர் சொல்வார்கள், துத்தநாகத்துக்கு அது ஆகாது. பதினான்கு மாதம் ஆகிறது, முலாம் அப்படியே இருக்கிறது.

நெல்லிக்குப்பம்_சலூன்
மூடி கழற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த வகை ரேசரில் மூடி திருகு இல்லாமல் கவ்வி நிற்கும். ஈரக் கையோடு பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலை ஆழமாக அறுத்துக்கொண்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் பட்டதைவிட அது பெரிய காயம். கையையும் ரேசரையும் துடைத்துவிட்டு, பிளேடின் குட்டைப் பக்கம் இருக்கும் இரண்டு நுனியிலும் பிடித்து மூடியைத் தூக்குங்கள். பிளேடின் குட்டைப் பக்கம் கூராக இருக்காது. பிளேடை எடுப்பதும் வைப்பதும் அந்தப் பக்கம் பிடித்துத்தான். பழகும் வரை துண்டை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பாப்புலியூர்_மாணவன்
நான் கல்லூரியில் படிக்கிறேன், அண்ணன்களின் பதிவுகளைப் படித்து ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். எந்த பிளேடு வாங்குவது? ஜப்பானின் ஃபெதர் பிளேடுதான் உலகத்திலேயே கூர்மை என்கிறார்கள். அதை 1-ல் வைத்துப் போட்டால் சரியா? ஒரு பிளேடு எத்தனை ஷேவ் வரும்?

முத்தியால்பேட்டை_வாசகன்
ஃபெதர் நல்ல கூர்மை, ஆனால் முதல் மாதத்துக்கு வேண்டாம் தம்பி. கை தவறினால் மன்னிக்காது. லாரன்ஸ் ரோடு கடைகளில் கிடைக்கிற செவன் ஓ கிளாக், டோபாஸ் மாதிரி ஒன்றில் ஆரம்பியுங்கள். ஒன்று சில ரூபாய்தான். என் முகத்துக்கு ஐந்து ஷேவ் வரும், அடர்த்தியான முடி என்றால் மூன்று. இழுக்க ஆரம்பித்தால் கணக்குப் பார்க்காமல் தூக்கிப்போடுங்கள்.

பிளேடு ஏன் போகிறது என்று 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பிளேடு எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மை. ஆனாலும் முடி நேராக நிற்காமல் வளைந்து சாயும்போது விளிம்பிலிருந்து மிக நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. கூர் தேய்வதைவிட இந்தச் சில்லுதான் பிளேடை முடிக்கிறது. எனக்கு இதில் கிடைத்த பாடம், முடியை நன்றாக ஊறவைப்பது. குளித்தவுடன் ஷேவ் செய்யுங்கள், முடியாவிட்டால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். தண்ணீர் குடித்த முடி லேசாக வெட்டுப்படும்.

மருந்துக்கடை_பாகூர்
கெடிலக்கரை, உங்கள் அப்பா விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். மருந்தாளுநராக இருக்கிறேன்.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் சின்ன வெட்டுகூட ஆற நாள் எடுக்கும், சீழ் பிடிக்கவும் கூடும். அடுத்தது, இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா? எடுத்தால் வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் நிற்க நேரமாகும். இந்த இரண்டில் எது இருந்தாலும் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். மின்சார ஷேவர் அவருக்குப் பாதுகாப்பானது என்பது என் எண்ணம்.

ஷேவ் முடிந்து குளிர்ந்த தண்ணீரில் கழுவி, படிகாரத்தை நனைத்து ஒருமுறை தடவலாம். எங்கள் வீட்டில் சீனாக்காரம் என்போம், நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கட்டி கிடைக்கும். சின்னக் கசிவை அது நிறுத்தும். எங்கே எரிகிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம், அப்படியும் பழகலாம். ஆனால் ஒரு கட்டியை அப்பாவும் மகனும் பகிர வேண்டாம். ஆளுக்கு ஒன்று.

நெல்லிக்குப்பம்_சலூன்
உண்மை. கடையில் முன்பு ஒரே கட்டியை எல்லோருக்கும் தடவுவோம். இப்போது சின்னத் துண்டாக உடைத்து வைத்திருக்கிறேன், ஒருவருக்கு ஒன்று, அப்புறம் குப்பைக்கு. பிளேடையும் கண் முன்னால் பிரித்துத்தான் போடுவேன்.

வைத்திக்குப்பம்
மின்சார ஷேவர் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர எத்தனையோ நாள் ஆனது. சார்ஜ் இல்லாமல் ஷேவர் கிடந்தது. அப்போதுதான் அப்பாவின் பழைய ரேசரைத் தேடி எடுத்தேன். எனக்கு இந்த ஆசை ஆரம்பித்தது அங்கே.

அரியாங்குப்பம்_தோழன்
எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பழைய பிளேடை எங்கே போடுகிறீர்கள்? காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டால், பையைப் பிரிக்கிற துப்புரவுப் பணியாளரின் விரல்தான் வெட்டுப்படும். என் அத்தை அந்த வேலை பார்த்தவர், இரண்டு முறை கையில் தையல் போட்டிருக்கிறார். பால் பவுடர் டின் மூடியில் உளியால் ஒரு கீற்று வெட்டி, உண்டியல் மாதிரி அதற்குள் போடுங்கள். மூடியை டேப்பால் சுற்றிவிடுங்கள். ஒரு டின் பல வருடத்துக்கு வரும். நிறைந்ததும் அப்படியே பழைய இரும்புக் கடையில், உள்ளே பிளேடு என்று வாயால் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கெடிலக்கரை
இரண்டு மாதம் ஆகிவிட்டது. என்ன ஆனது என்று எழுதுகிறேன்.

கழுத்துக் கொப்புளம் முழுசாகப் போகவில்லை, ஆனால் முன்பு இருபது இருக்கும் இடத்தில் இப்போது இரண்டு மூன்று. மருத்துவரிடம் காட்டினேன், இப்படியே போகட்டும் என்றார். வலது கழுத்தில் காதை நோக்கி ஓட்டுகிறேன், எதிர்த் திசையை விட்டேவிட்டேன். தினமும் 2. ஞாயிறு விட்டு திங்கட்கிழமை 3. மேலுதட்டுக்கு 1. மூன்றுக்கு மேல் திருகிய நாளே இல்லை. கேன் தண்ணீர் ஒரு நாளைக்கு டவராவில் கால் டம்ளர். மழை பெய்த வாரம் மாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்தேன், அதில் நுரை இன்னும் நன்றாக வந்தது. டின் உண்டியல் செய்துவிட்டேன், அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதுவும் இல்லை. கை நடுங்காமல் இருந்தால் செய்யட்டும் என்றார். அவருக்குத் தனியாக ஒன்று வாங்கினேன். 1-ல் வைத்து, அந்த எண்ணுக்கு மேலே சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துவிட்டேன், கண்ணாடி இல்லாமலே தெரியும்படி. வாரம் மூன்று நாள் செய்கிறார். முதல் நாள் நான் பக்கத்தில் நின்றேன். நான் ஒரு மாதம் கஷ்டப்பட்டுப் பழகிய கோணம் அவர் கையில் அப்படியே வந்தது. கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளிக்கொண்டு வெட்டினார், அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

திருப்பாப்புலியூர்_மாணவன்
அண்ணா, என்னுடையது வந்துவிட்டது. பிளேடு வைத்து நேராகப் பார்த்தால் ஒரு பக்கம் இடைவெளி அதிகமாகத் தெரிகிறது. திருப்பி அனுப்பவா?

கெடிலக்கரை
உடனே அனுப்பாதீர்கள். எனக்கும் அப்படி இருந்தது. எண்ணை 1-க்குக் கொண்டுபோய், மூடியைக் கழற்றி, பிளேடின் குட்டைப் பக்கம் பிடித்து மறுபடி வைத்து, இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் கேட்கும்வரை மூடியை ஒரே சமமாக அழுத்துங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து இரண்டு பக்கக் கீற்றையும் பாருங்கள். வேறு ஒரு பிளேடும் போட்டுப் பாருங்கள். அப்போதும் கோணலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதை முகத்தில் வைக்க வேண்டாம். திருப்பி எடுக்கும் கடைசி நாள் என்றைக்கு என்று இன்றே பார்த்துவிடுங்கள்.